பலூன் வீடு போய்ச் சேர்ந்த மலை

பிக்ஸார் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘அப்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வீடு மறந்திருக்காது. மனைவியை இழந்த முதியவர் கார்ல், தன் மரவீட்டின் புகைபோக்கி வழியாக ஆயிரக்கணக்கான பலூன்களைப் பறக்கவிடுகிறார். வீடு அஸ்திவாரத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்புகிறது. புயலைத் தாண்டி, தென் அமெரிக்காவில் தட்டையான ஒரு மலையின் உச்சியில் போய் இறங்குகிறது. நாலாபக்கமும் செங்குத்துச் சுவர், மேலே பனிமூட்டம், விளிம்பிலிருந்து அடி தெரியாமல் விழும் அருவி. வீடு பறப்பது கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும். மலையும் கற்பனைதான் என்று நினைத்துக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் வீட்டின் கணக்கை முடித்துவிடலாம். ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். ஒரு லிட்டர் ஹீலியம் வாயுவுக்கு 0.2 கிராம்கூடத் தேறாது. ஆக, ஒரு லிட்டர் ஹீலியம் ஏறத்தாழ 1 கிராமைத் தூக்கும். பிறந்தநாள் வீட்டில் கட்டுகிற ஓரடி விட்டமுள்ள பலூனில் 14 லிட்டர் பிடிக்கும். ரப்பரின் எடையைக் கழித்தால் மிஞ்சும் தூக்குவிசை 11 கிராம். வீடு கிளம்பும் காட்சிக்குப் பிக்ஸார் உருவாக்கிய பலூன்கள் 20,622. பெருக்கினால் வருவது 227 கிலோ. கார்லும் சிறுவன் ரஸ்ஸலும் இரண்டு நாற்காலிகளும் மேலே போகலாம். வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டின் எடை 40 டன் என்று வைத்துக்கொண்டால் 36 லட்சம் பலூன்கள் வேண்டும். அத்தனையையும் திரையில் காட்டினால் ஒவ்வொன்றும் புள்ளியாகத்தான் தெரியும். பலூன் என்றே யாருக்கும் புரியாது.

இதை நிஜமாகவே செய்து பார்த்தவர்களும் உண்டு. 2011இல் நேஷனல் ஜியோகிராஃபிக் தொலைக்காட்சிக்காக ஒரு குழு, 16 அடிக்கு 16 அடியில் மிக லேசான வீடு ஒன்றைக் கட்டி, 8 அடி உயரமுள்ள வானிலைப் பலூன்கள் 300ஐ அதில் பூட்டியது. அது 10,000 அடிக்கு மேல் ஏறி, ஒரு மணி நேரம் போலப் பறந்தது. இத்தனை பாடுபட்டும் பறந்தது ஒரு வீட்டின் கூடுதான்.

வீட்டு விஷயத்தில் படம் நிஜத்தைவிடக் கூட்டிச் சொன்னது. மலை விஷயத்தில் குறைத்துச் சொன்னது.

2004இல் இயக்குநர் பீட் டாக்டரும் பிக்ஸார் கலைஞர்கள் பதினோரு பேரும் வெனிசுலாவுக்குப் போனார்கள். விமானம், ஜீப், ஹெலிகாப்டர் என்று மாறி மாறிப் பயணம் செய்து ரோராய்மா, குக்கெனான் ஆகிய இரண்டு மலைகளின் உச்சியை அடைந்தார்கள். கொசுவும் எறும்பும் தேளும் பாம்பும் துணையிருக்க, அங்கேயே இரவு தங்கிப் படம் வரைந்தார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பார்த்த பாறைகளையும் செடிகளையும் அப்படியே திரையில் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியது. சதுர முகமும் உருண்டை மூக்குமாக மனிதர்களை வரையும் கூட்டம், நிஜமான ஒரு மலையை இது ரொம்ப மிகை என்று ஒதுக்கியிருக்கிறது!

வெனிசுலாவின் தென்கிழக்கிலும் அதை ஒட்டிய கயானா, பிரேசில் எல்லைகளிலும் இப்படிப்பட்ட மலைகள் நூறுக்கும் மேல் உண்டு. அங்கே வாழும் பெமோன் பழங்குடியினர் இவற்றைத் தெப்புய் என்கிறார்கள். நாம் மேசைமலை என்று வைத்துக்கொள்ளலாம். ரோராய்மாவின் உயரம் 2,810 மீட்டர். அதில் கடைசி 400 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் சுவர். சுவருக்கு மேலே 31 சதுர கிலோமீட்டர் மொட்டைப் பாறைவெளி. மூன்று நாடுகளும் சந்திக்கும் புள்ளி அந்த வெளியில்தான் இருக்கிறது. அங்கே பெய்யும் மழை எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பொறுத்து அமேசானுக்கோ, ஒரினோக்கோவுக்கோ, எஸ்ஸெக்கிபோவுக்கோ போய்ச் சேரும். பக்கத்துப் பக்கத்தில் விழுந்த இரண்டு மழைத்துளிகள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தள்ளிக் கடலில் கலக்க நேரலாம். ரோராய்மா ஒன்றும் பெரிய மலை அல்ல. அவுயான் என்ற மேசைமலையின் உச்சிப் பரப்பு மட்டும் சுமார் 700 சதுர கிலோமீட்டர்.

இந்த மலைகள் எப்படி எழுந்தன? எழவே இல்லை என்பதுதான் விடை. குளம் வெட்டும்போது, எவ்வளவு ஆழம் மண் எடுத்தோம் என்று அளப்பதற்காக நடுவே ஒரு மண்மேட்டைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். அதன் தலையில் பழைய தரையின் புல் இன்னும் இருக்கும். மேசைமலை அந்த மேடு. சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் ஆழமில்லாத கடலும் இந்த வட்டாரத்தில் மணலைக் கொண்டுவந்து அடுக்கடுக்காகக் கொட்டின. மணல் அமுங்கி இறுகிப் பாறையானது. தென் அமெரிக்கா ஆப்பிரிக்காவோடு ஒட்டியிருந்த காலத்தில் இந்தப் பாறை விரிப்பு எங்கும் பரவிக் கிடந்தது. பிறகு கண்டங்கள் பிரிந்தன, நிலம் மெல்ல உயர்ந்தது, மழையும் ஆறுகளும் விரிப்பை அரிக்கத் தொடங்கின. அரித்து அரித்துப் பெரும்பகுதி போய்விட்டது. போகாமல் நின்ற துண்டுகளைத்தான் அண்ணாந்து பார்த்து மலை என்கிறோம்.

பெமோன் மக்கள் சொல்லும் கதை ஒன்று இதைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. உலகத்துக் கனிகளையெல்லாம் ஒருசேரக் காய்த்த மாபெரும் மரம் ஒன்று இருந்ததாம். மகுனைமா என்ற வீரன் அதை வெட்டிச் சாய்த்தான்; வெள்ளம் பெருக்கெடுத்தது; எஞ்சிய அடிக்கட்டைதான் ரோராய்மா. மலை என்பது இல்லாமற்போன ஒரு பெரும்பொருளின் மிச்சம் என்பதைப் புவியியலாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அடியில் நின்று பார்த்தவர்கள் ஊகித்துவிட்டார்கள்.

சரி, ஓரங்கள் ஏன் இவ்வளவு செங்குத்து? சாதாரண மலை அரிக்கப்படும்போது சரிந்து, உருண்டு, மழுங்கும். இங்கே பாறையின் மணல்மணிகளைச் சிலிக்கா என்ற பசை ஒட்டிவைத்திருக்கிறது. கண்ணாடிக்கு மூலப்பொருளும் இதே சிலிக்காதான். தண்ணீரில் அது கரைவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மெதுவாகக் கரையும். ஆனால் பாறை முழுக்க மேலிருந்து கீழாக விரிசல்கள் ஓடுகின்றன. கடினமான அடுக்குக்குக் கீழே இருக்கும் மெலிந்த அடுக்கைத் தண்ணீர் குடைந்தெடுக்கும். பிடிமானம் போனதும் மேலிருக்கும் பாளம் விரிசலை ஒட்டி முழுதாகப் பிளந்து விழும். புதிய சுவரும் பழையதைப் போலவே நேராக நிற்கும்.

அதே கடினம், மெலிவு விளையாட்டு உச்சியில் இன்னொரு கூத்தை நடத்துகிறது. மேலடுக்கு நின்றுகொள்ள, கீழடுக்கு இளைக்க, பாறைகள் காளான்களாகவும் தூண்களாகவும் மிருக முகங்களாகவும் மாறுகின்றன. பனிமூட்டத்தில் நடக்கும் ரஸ்ஸல் ஒரு பாறையைக் காட்டி ஆமை என்பான், இன்னொன்றைக் காட்டி நாய் என்பான். நாய் நிஜ நாயாகவே இருந்துவிடும். ரோராய்மாவுக்குப் போகும் பயணிகளும் இதே ஆட்டம்தான் ஆடுகிறார்கள். அங்கே ஒரு பாறைக்குப் பறக்கும் ஆமை என்று பெயர். மலையின் மிக உயர்ந்த புள்ளிக்கு ஒரு கார் மாடலின் பெயர், தூரத்திலிருந்து பார்த்தால் அது கார் மாதிரி இருப்பதால். பாறைகளின் நிறம் கறுப்பு. ஆனால் அது மேற்பூச்சு மட்டும்தான், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பாறைமேல் வாழும் நுண்ணுயிர்ப் படலம் அது. பாறையை உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பு.

உச்சியில் சில பாறைத்தளங்களில் குனிந்து பார்த்தால் வரிவரியாக அலைத்தடம் தெரியும். கடற்கரை ஈரமணலில் அலை விட்டுப்போகும் அதே வரிகள். நேற்றுப் போல இருக்கும் அந்த வரிகளை வரைந்த தண்ணீர் 170 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடியது. பாறையில் எலும்பு, ஓடு, இலை எதன் அச்சும் கிடையாது. இந்த மணல் படிந்தபோது பூமியில் நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. முதல் விலங்கு தோன்ற இன்னும் 100 கோடி ஆண்டுகள் இருந்தன.

டைனோசர்களை நினைவூட்டாமல் இந்த மலையைப் பற்றிப் பேச முடியாது, அதற்கு ஒரு பழைய கதை காரணம். 1884 டிசம்பரில் எவரார்ட் இம் தர்ன் என்ற ஆங்கிலேயர் ரோராய்மாவின் சுவரில் சாய்வாக ஓடும் ஒரு திட்டைக் கண்டு, அதன்வழியே ஹாரி பெர்கின்ஸ் என்பவரோடு உச்சிக்கு ஏறினார். இன்றைக்கும் பயணிகள் ஏறுவது அந்தப் பாதையில்தான். அதுவரை மனிதர் எட்டாத மேடு என்ற எண்ணம் ஐரோப்பியர்களின் மனத்தில் பற்றிக்கொண்டது. 1912இல் ஆர்தர் கோனன் டாயில் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ நாவலை எழுதி, தென் அமெரிக்க மேசைமேடு ஒன்றில் டைனோசர்களை உலவவிட்டார். ‘அப்’ படத்தின் சாகசக்காரர் சார்லஸ் மண்ட்ஸ் அந்தப் பரம்பரைதான். அவர் தேடும் கெவின் என்ற பறவை ஆளைவிட உயரம். அதன் பளபளப்பை இமயமலையின் மோனால் கோழியிடமிருந்து வாங்கினார்கள்.

ஆனால் கெவின் இந்த மேட்டில் ஒரு வாரம்கூடப் பிழைக்காது. இரை கிடையாது. மழை ஓயாமல் பெய்து, பாறையின் கொஞ்சநஞ்சச் சத்தையும் கழுவிக் கீழே தள்ளிவிடுகிறது. மணலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெயருக்குத்தான். பெரிய மிருகம் வாழ நிறையப் புல் வேண்டும், புல்லுக்கு மண் வேண்டும். மண்ணே இல்லாத இடத்தில் டைனோசரை வைத்த எழுத்தாளரும், ராட்சதப் பறவையை வைத்த படக்குழுவும் மலையின் உருவத்தைப் பார்த்து உயிர்களின் அளவைத் தீர்மானித்துவிட்டார்கள். நிஜத்தில் இங்கே எல்லாம் சிறியவை. தந்திரசாலிகள்.

ஹீலியாம்ஃபோரா என்ற சாடிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். இலை சுருண்டு குழாயாகி, மழைநீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வாயின் மேல் சிறு கரண்டி போன்ற மடிப்பு, அதில் தேன். தேனுக்கு வரும் பூச்சி கீழ்நோக்கிப் படிந்த ரோமங்களில் வழுக்கி உள்ளே விழும், மேலே ஏற முடியாது. மழை நிற்காத ஊரில் திறந்த சாடிக்கு ஓர் ஆபத்து உண்டு: நிரம்பி வழிந்தால் பிடித்த பூச்சியும் சேர்ந்து போய்விடும். அதற்காகச் சாடியின் உடலில் மெல்லிய பிளவு ஒன்று இருக்கிறது. மட்டத்துக்கு மேல் வரும் நீர் அதன்வழியே வடிந்துவிடும், பூச்சி உள்ளேயே தங்கிவிடும். அணைக்கட்டும் பொறியாளர்கள் மிகைநீர் போக வழி வைப்பார்களே, அந்த ஏற்பாட்டை ஒரு சாண் உயரச் செடி செய்து வைத்திருக்கிறது. விழுந்த பூச்சியைச் செரிக்கவும் இந்த இனங்களில் பெரும்பாலானவை சொந்தச் சாறு சுரப்பதில்லை. சாடியில் குடியிருக்கும் பாக்டீரியா பூச்சியைக் கரைக்கிறது, செடி உறிஞ்சிக்கொள்கிறது.

இன்னொரு செடி புரோக்கினியா, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகளைக் குழாயாக அடுக்கி நடுவில் நீர் தேக்கும். இலையின் உட்புறம் உதிரும் மெழுகுப் பொடி, கால் வைத்த பூச்சி சறுக்கும். அந்த நீர்த்தொட்டிக்குள் வேறொரு வேட்டைக்காரன் குடிவந்திருக்கிறான். யூட்ரிகுலேரியா என்ற நீர்ச்செடி தன் சிறு பைகளை அங்கே முக்கிவைக்கும். பை எப்போதும் உள்வாங்கி இறுகி நிற்கும். நீரில் நீந்தும் நுண்ணிய உயிர் வாசல் ரோமத்தைத் தொட்டதும் கதவு திறந்து, நீரோடு இரையையும் உறிஞ்சிக்கொண்டு மூடிவிடும். நடந்து முடிய ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு தொட்டியில் இரை தீர்ந்தால் தண்டை நீட்டி அடுத்த புரோக்கினியாவின் தொட்டியைத் தேடிப் போகும். ஒரு வேட்டைச் செடிக்குள் இன்னொரு வேட்டைச் செடி.

இந்த மேடுகளில் 2,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை வேறெங்கும் இல்லாத ஓரிடவாழ் இனங்கள், அதாவது உலகத்தில் அந்த ஒரே வட்டாரத்தில் மட்டும் வாழ்பவை. விலங்குகளில் என் கட்சி தேரைக்குத்தான். குக்கெனான் மலையின் உச்சியில், பிக்ஸார் கலைஞர்கள் மிதித்த அதே பாறைகளில், கட்டைவிரல் நுனியளவில் கறுப்பான ஒரு கூழாங்கல் தேரை இருக்கிறது. அதற்குத் தாவத் தெரியாது, தத்தித் தத்தி நடக்கும். டரான்டுலா சிலந்தி துரத்தினால் ஓடித் தப்ப வழியில்லை. அதனால் கைகால்களை ஒடுக்கி, தசைகளை விறைத்து, கூழாங்கல்லாகி, சரிவில் தன்னைத்தானே உருட்டிவிட்டுக்கொள்ளும். பாறைக்குப் பாறை மோதி எகிறிப் பள்ளத்தில் போய் விழும். அடிபடாது. உடல் சிறுக்கச் சிறுக்க எடை மிக வேகமாகக் குறைந்துவிடும், மோதலின் விசையும் கூடவே குறையும். யானை உருண்டால் சாகும் சரிவில் இது உருண்டு எழுந்து நடக்கும். இந்தக் காட்சியைப் பிபிசியின் ‘லைஃப்’ தொடர் படம்பிடித்து ஒளிபரப்பியது 2009இல், ‘அப்’ வெளிவந்த அதே ஆண்டில். கெவினுக்குப் பதில் இந்தத் தேரையைப் போட்டிருந்தால் அளவுக்கு மீறிய கற்பனை என்றிருப்பார்கள்.

படத்தின் அருவிக்கு வருவோம். அதில் வரும் பாரடைஸ் அருவிக்கு முன்மாதிரி, அவுயான் மலையிலிருந்து விழும் ஏஞ்சல் அருவி. உயரம் 979 மீட்டர்; ஈஃபில் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு. இதில் எங்கும் படாமல் விழுவது மட்டும் 807 மீட்டர். காற்றுத் தடை இல்லாவிட்டால்கூட ஒரு துளி இந்தத் தூரத்தைக் கடக்க 12 விநாடிக்கு மேல் ஆகும். காற்று இருப்பதால் தண்ணீர் வழியிலேயே சிதறி, நீர் குறைந்த மாதங்களில் கீழே சேர்வதற்குள் பெரும்பாலும் சாரலாகிவிடுகிறது. பெமோன் மக்கள் இதைக் கெரெப்பாக்குப்பாய் மெரு என்கிறார்கள். உலகம் அழைக்கும் பெயர் அமெரிக்க விமானி ஜிம்மி ஏஞ்சலுடையது. அவர் 1933இல் வானத்திலிருந்து அருவியைப் பார்த்தார். 1937 அக்டோபரில் மனைவி மேரியையும் இன்னும் இருவரையும் ஏற்றிக்கொண்டு அவுயான் உச்சியில் விமானத்தை இறக்கினார். சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. விமானத்தை விட்டுவிட்டு நால்வரும் நடந்தே இறங்கி ஊர் சேர 11 நாள் ஆயிற்று. விமானம் 33 ஆண்டுகள் மலையிலேயே கிடந்தது. 1970இல் ஹெலிகாப்டரில் தூக்கிவந்தார்கள். கார்லின் வீடு மலையுச்சியில் தங்கிப்போனது மட்டும் திரைக்கதையாளர்களின் கைச்சரக்கு அல்ல போலும். அருவியின் உயரத்தை அளந்தவர் ரூத் ராபர்ட்சன் என்ற பத்திரிகையாளர். 1949இல் காட்டுவழியே குழுவோடு அடிவாரம் வரை போய் அளந்தார்.

படக்குழு எட்டிப் பார்க்காத ஒன்று மலையின் வயிறு. சுண்ணாம்புப் பாறையில் குகை உண்டாவது சகஜம், தண்ணீர் அதைச் சுலபமாகக் கரைக்கும். சிலிக்காப் பாறையில் பெரிய குகை சாத்தியமில்லை என்றே வெகுகாலம் கருதினார்கள். ஆனால் தண்ணீர் பாறையை முழுதாகக் கரைக்கத் தேவையில்லை. மணிகளை ஒட்டும் பசையை மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் போதும், பாறை உதிரிமணலாகிவிடும். இதை மணற்சிதைவு எனலாம். உதிர்ந்த மணலை ஓடும் நீர் வாரிக்கொண்டு போகும். 2013இல் அவுயானுக்குள் கண்டுபிடிக்கப்பட்ட இமாவரி யெவுதா குகையின் அளந்த நீளமே 20 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சாரிசாரிஞாமா என்ற மலையில் கூரை இடிந்த பள்ளம் ஒன்று சுமார் 350 மீட்டர் அகலம், 314 மீட்டர் ஆழம். அதன் அடியில் தனியாக ஒரு காடு.

இப்படித் துண்டுதுண்டாக நிற்கும் மேடுகளில் வாழ்பவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்தவை என்ற எண்ணம், டாயில் நாவலின் சாயல், அறிவியலிலும் வெகுகாலம் நிலைத்திருந்தது. 2012இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அதைக் கலைத்தது. வெவ்வேறு உச்சிகளில் வாழும் தவளை, தேரைகளை ஒப்பிட்டபோது பல இனங்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது. அவை பிரிந்து வெகுகாலம் ஆகவில்லை. பனியுகங்களில் குளிர் கூடியபோது உச்சிச் சூழல் அடிவாரம் நோக்கி இறங்கியிருக்கலாம். இனங்களும் கூடவே இறங்கி, பள்ளத்தைக் கடந்து, மறுமலை ஏறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நம் கூழாங்கல் தேரை குக்கெனானில் மட்டுமல்ல, பக்கத்திலுள்ள யுருவானியின் உச்சியிலும் இருக்கிறது. இடையில் இரண்டு செங்குத்துச் சுவர்களும் ஒரு பள்ளத்தாக்கும். இறங்கியதை உருண்டே இறங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறியதைத்தான் ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.